ஜீப்பில் கம்பிக்கு ஓர் இடம்

12 அக்டோபர் 1993, செவ்வாய்

காலையிலிருந்தே மூட்டம். மலை தெரியவில்லை. மலை தெரியாத நாளில் அம்மா வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருப்பாள். இன்றும் அப்படித்தான்.

அண்ணன் சாமான் ஏற்றிப் போக இறங்கி வந்தான். எஸ்டேட் ஜீப் எங்கள் தெருமுனையில் நின்ற கொஞ்ச நேரத்தில் இஞ்ச் டேப்போடு சுற்றிச் சுற்றி வந்தேன். எதிர்வீட்டு ராஜு மாமா தோப்புக்குக் கிளம்பியவர் சைக்கிளை நிறுத்தினார். (அடிவாரத்தில் மாந்தோப்பு குத்தகை எடுத்திருக்கிறார்.)

"ஏம்மா செல்வி, ஜீப்பை வாங்கப் போறியா, இல்ல அதுக்குச் சட்டை தைக்கப் போறியா?"

சிரித்தேன், அவ்வளவுதான். எனக்குப் பதிலெல்லாம் ஆள் போன பிறகுதான் வரும். பட்டன் மட்டும் பாக்கி மாமா என்று சொல்லியிருக்கலாம்.

ஆன்டெனா வைக்க இடங்கள்:

பானெட் நடு. தகரம் அகலம். கம்பிக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் ஓட்டுகிறவன் கண்ணுக்கு நேரே நிற்கும். ஓட்டை போட வேண்டும்; போடக் கூடாது என்று முதலாளி உத்தரவு.

முன் மட்கார்டு. அண்ணனுக்கு இங்கேதான் ஆசை. போலீஸ் ஜீப் மாதிரி இருக்குமாம். என்ஜின் இரைச்சல் கேட்கும்.

பம்பர். தாழ்வு. ஓடையில் இறங்கினால் முழுகிவிடும்.

கூரை. கித்தான். கம்பிக்கு அடியில் தகரம் விரிந்திருந்தால்தான் பேச்சு தூரம் போகும். கித்தான் மேல் வைப்பது வீண்.

பின் மூலை, இடது பக்கம். தகரம் உண்டு. கிளாம்ப் போடலாம். கிளை தட்டும், சாக்கு ஏற்றுகிறவர்கள் தட்டுவார்கள்.

கம்பி ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. அதற்கு ஓர் இடம் கிடைக்கவில்லை.

போன ஐப்பசி நினைவு விடமாட்டேன் என்கிறது. அண்ணன் மலைமேல் ஏலக்காய் எஸ்டேட்டில் டிரைவர். மதினியும் அங்கேயே காய் பறிக்கிறாள். அப்போது அவளுக்கு எட்டாம் மாதம். திடீர் வலி. இதே ஜீப்பில் இறக்கிக்கொண்டு வந்தான். அடிவாரத்து ஓடையில் வெள்ளம். கயிறு கட்டினால் ஆளைத் தூக்கிக்கொண்டு தாண்டிவிடலாம். கயிற்றை வாங்கிக் கட்ட இந்தக் கரையில் ஒருவர் வேண்டும். ஒருவரும் இல்லை. அவர்கள் அங்கே நிற்பது ஊரில் யாருக்கும் தெரியாது. பிள்ளை ஜீப்பிலேயே பிறந்தது, ஜீப்பிலேயே போய்விட்டது. ஆண் பிள்ளை.

இப்போது மறுபடி ஏழாம் மாதம்.

"இங்கன வந்துருங்களேன்" என்று அம்மா இன்றும் கேட்டாள்.

"பறிப்பு முடியாம இறங்கினா லைன் வீட்ட வேற ஆளுக்குக் குடுத்துருவாக. தீபாவளிக்கு இறங்கிருதோம்மா" என்றான்.

தீபாவளி அடுத்த மாதம்.

மேலே போன் கிடையாது. ஆனால் அண்ணனிடமும் என்னிடமும் வயர்லெஸ்ஸில் பேசுவதற்கான ஹாம் லைசென்ஸ் இருக்கிறது. நீளமும் குட்டையுமான சத்தத்தால் எழுத்துச் சொல்லும் மோர்ஸை அவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஜீப் ஹாரனை அடித்து அடித்துப் பழகினான். கல்லூரி கிளப்பில் கழித்துப் போட்ட இரண்டு வயர்லெஸ் செட்டுகளை நானும் என் சிநேகிதி ஜெசியும் சரிசெய்து வைத்திருக்கிறோம். ஒன்று எங்கள் வீட்டில், ஒன்று ஜீப்புக்கு. மூன்றாவதாக ஜெசியே சொந்தமாகக் கட்டியது ஒன்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் வீட்டு மாடியில். இனி கம்பிக்கு இடம் மட்டும்.

14 அக்டோபர், வியாழன்

தூறல். புதுச் செருப்பு கடித்துவிட்டது. பேண்டேஜ் துணி கம்பெனி லேபில் நாள் முழுக்கத் துணித் துண்டைத் தண்ணீரில் போட்டு எப்போது முழுகுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. சீக்கிரம் முழுகினால் நல்ல துணி. பி.எஸ்சி. பௌதிகம் இதற்குப் போதும்.

மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் யாரோ: "இவ வீட்டு மேல கம்பி நட்டிருக்கால்ல, போலீசு பேசுறதெல்லாம் கேப்பாளாம்." இன்னொருத்தி: "கேக்கட்டும், திருப்பிப் பேச மாட்டா. வாயே கிடையாது."

சரியாகத்தான் சொன்னாள். கிளப்பில் மைக்கைக் கையில் கொடுத்தால் பக்கத்தில் நிற்கிறவரிடம் தள்ளிவிடுவேன். மோர்ஸ் தட்டும் சாவியைக் கொடுத்தால் விரல் தானாகப் பேசும். யாரும் பார்க்காத இடத்தில் இருந்து பேசுவதுதானே ரேடியோ. அதற்கும் வெட்கமா என்று ஜெசி கேட்பாள். இருக்கிறது.

வாங்க வேண்டியவை: பற்றவைக்கிற பித்தளைக் கம்பி. உப்புத்தாள். இன்சுலேஷன் டேப். அம்மாவுக்குத் தலைவலித் தைலம்.

17 அக்டோபர், ஞாயிறு

மழை விட்ட வெயில். மதினியைச் செக்கப்புக்கு இறக்கி வந்தான் அண்ணன். மதினி பெயர் பேச்சியம்மாள். பெயர்தான் பேச்சி, அவளும் என்னை மாதிரி. முகம் மஞ்சளாக இருந்தது. பெரிய வயிறு இல்லை.

ஜெசியின் அம்மா ஸ்ரீவி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர்களே கூட்டிப்போய்க் காட்டினார்கள். டாக்டர் சொன்னது: ரத்தம் போதாது, படுத்தே இருக்க வேண்டும். மதினி தலையை ஆட்டினாள். நாளைக்கு மறுபடி பறிப்புக்குப் போவாள்.

பிறகு சோதனை. ஜெ. மாடியில் அவள் செட்டோடு. நாங்கள் ஜீப்பில் ஸ்ரீவி. பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் மலை வரை போய்த் திரும்பி, வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு சுற்று. ஒவ்வொரு இடமாகக் கம்பியைக் கட்டி, நிறுத்தி, பேசி.

மட்கார்டு: என்ஜின் ஓடினால் அரைவை மில். ஜெ. சொன்னாள், "முருகேசண்ணே, நீங்க பேசுதிகளா, மாவு திரிக்கிகளா?"

பானெட்: அருமையாகக் கேட்டது. ஆனால் மூன்றாவது வளைவில் அண்ணன் ஒரு மாட்டுவண்டி மேல் ஏற்றப் பார்த்தான். "கம்பியப் பாக்கவா, ரோட்டப் பாக்கவா?" வேண்டாம்.

பின் மூலை: விசித்திரம். வண்டி ஜெ. வீட்டைப் பார்த்து நின்றால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. முதுகைக் காட்டினால் பாதிதான். கம்பிக்கு முன்னால் கிடக்கிற தகரம் முழுக்க அந்தப் பக்கமாகத் தள்ளிவிடுகிறது. ஊருக்கு முகம் காட்டி நிறுத்திப் பேசினால் போதும் என்று அண்ணனிடம் சொன்னேன்.

அவன் அப்போதும் மட்கார்டிலேயே நின்றான். "பின்னால வச்சா மாட்டுக்கு வாலு மாதிரி இருக்கும்ட்டி. முதலாளி சிரிப்பாரு."

பின் சீட்டில் கால் நீட்டியிருந்த மதினி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "பின்னாலயே இருக்கட்டும். நான் கிடக்கிற எடத்துக்குப் பக்கத்துல."

அண்ணன் கம்பியை எடுத்துக்கொண்டு பின்னால் போனான். போன வருஷமும் அவள் அதே சீட்டில்தான் கிடந்தாள்.

கிளாம்ப் முடுக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டினேன். மதினி கித்தானை ஒதுக்கிக் கை நீட்டித் தொட்டுப் பார்த்தாள். "எதுக்குச் சொரண்டுற?" வெறும் தகரமும் கிளாம்பும் ஒட்ட வேண்டும் என்றேன். கம்பி மட்டும் எதையும் தொடக் கூடாது, அடியில் இந்த வெள்ளை வளையம் அதற்குத்தான், இரண்டுக்கும் நடுவில் ஈரம், அழுக்கு எது அப்பினாலும் பேச்சு கம்பிக்கு ஏறாது, அங்கேயே வடிந்துவிடும் என்றேன். ஒரே மூச்சில் இவ்வளவு பேசியிருக்கிறேன்.

"சுத்தபத்தமா இருக்கணும்னு சொல்லு" என்றாள்.

18 அக்டோபர், திங்கள்

விளக்கு வைக்கும் நேரம் அண்ணன் வெள்ளைப் பாறை வளைவில் ஜீப்பை ஊரைப் பார்த்து நிறுத்திக் கூப்பிட வேண்டும் என்று ஏற்பாடு. கூப்பிட்டான். கண்ணாடி மாதிரி கேட்டது. அம்மா செட்டைப் பார்த்து, "சாப்பிட்டியாய்யா?" என்றாள். நான் பொத்தானை அமுக்கவில்லை. அது அவளுக்குத் தெரியாது. அவன் தானாகவே "சாப்பிட்டேன்னு அம்மாட்டச் சொல்லு" என்றான். அம்மா இன்றைக்கு இரண்டு ஆள் சோறு தின்றாள்.

என் பங்கு: "கேக்குது. சரி. சரி." மூன்று வார்த்தை.

23 அக்டோபர், சனி. சரஸ்வதி பூஜை

கம்பெனியில் பூஜை. லேபில் தராசுக்குச் சந்தனம், முக்காலிக்குச் சந்தனம், எனக்கும். பொரி, கடலை. வீட்டுக்கு வர மாலையாகிவிட்டது. அதற்குள் ஜீப் வந்து, பூஜை முடிந்து, மலையேறியும் போய்விட்டது. வாசலில் நசுங்கின எலுமிச்சம்பழம்.

அம்மா முகம் பூரிப்பாக இருந்தது. "மொதலாளி வீட்டுப் பூசை முடிஞ்சதும் இங்கன கொண்டாந்தான். நானும் என் பங்குக்குச் செஞ்சேன். ஸ்டேரிங்கு, டயரு, எல்லாத்துக்கும் பொட்டு. முன்னால ரெண்டு வாழ கட்டியிருந்தாக. மிச்சம் ஒண்ணு கெடந்துச்சு, அத ஒன் கம்பியோட சேத்துக் கட்டிட்டேன். பிள்ளயக் காப்பாத்தப் போறது அதுதான? கம்பிக்கு அடில சந்தனத்த நல்லாக் கொழச்சு அப்பி, குங்குமம் வச்சு, மஞ்சத் துணியும் சுத்திருக்கேன். 'கழுவிராதலே, தானா உதுரணும்'னு சத்தியம் வாங்கிட்டுத்தான் அனுப்புனேன்."

நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

விளக்கு வைக்கும் நேரம். வெறும் இரைச்சல். நடுவில் ஏதோ ஒரு குரல், கிணற்றடியில் பேசுகிற மாதிரி. அண்ணனாக இருக்கலாம்.

"என்னட்டி சொல்லுதான்?"

"கேக்கல."

"நேத்துக் கேட்டுச்சே."

எப்படிச் சொல்வது? ஈர வாழைத்தண்டு கம்பியைக் கட்டிக்கொண்டு நிற்கிறது, ஈரச் சந்தனம் வெள்ளை வளையத்தை மூடியிருக்கிறது, அத்தனையும் அங்கேயே வடிந்துபோகிறது என்று? அவள் கையில் இன்னும் மஞ்சள் கறை. சொன்னேன், மெதுவாக. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

உள்ளேயிருந்து: "படிச்சுட்டா சாமி வேண்டாம்."

24 அக்டோபர், ஞாயிறு

மழை. இன்றும் இரைச்சல்தான். ஜெ. மாடியிலும் அதே. ஜீப் இனி அடுத்த சனிக்கிழமைதான் இறங்கும்.

ஈரத்தில் சந்தனம் எங்கே காயும், எங்கே உதிரும்?

25 அக்டோபர், திங்கள்

மழை. கிளம்பும்போது மலை இல்லை. திரும்பும்போதும் இல்லை. லேபில் நேரத்தைத் தப்பாக எழுதி ஏச்சு வாங்கினேன்.

விளக்கு நேரம்: இரைச்சல். அம்மா இன்று செட் பக்கமே வரவில்லை. வாசலில் நின்று காதை மட்டும் இங்கே வைத்திருந்தாள்.

28 அக்டோபர், வியாழன். ஸ்ரீவி. ஆஸ்பத்திரி வராந்தா

இரண்டு நாள் எழுத முடியவில்லை. செவ்வாய்க்கிழமை நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மத்தியானத்திலிருந்து கொட்டோ கொட்டு என்று மழை. வேலை சீக்கிரம் விட்டார்கள். செட்டை முன்கூட்டியே போட்டு உட்கார்ந்தேன். விளக்கு நேரத்துக்கு இன்னும் நிறைய இருந்தது. இரைச்சல் திடீரென்று அடங்கி, மறுபடி எழுந்தது. மறுபடி அடங்கியது. நீளம், குட்டை. நீளம், குட்டை. யாரும் பேசவில்லை. பேசி எடுபடாது என்று தெரிந்து அண்ணன் மைக் பொத்தானையே சாவியாக அமுக்கிக்கொண்டிருந்தான். பென்சிலை எடுத்தேன்.

V A L I.

வலி. வலி. வலி. அதையே திருப்பித் திருப்பி. பிறகு ஒரு சொல்லில் பாதி. பிறகு இரைச்சல்.

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. மைக்கை எடுத்துக் கத்தினேன். "அண்ணே! சந்தனத்தைத் தொடை! வாழையப் பிச்சுப் போடு! சந்தனம்! தொடை! கேக்குதா? சந்தனத்தைத் தொடை!" சன்னலில் தெருவே கூடிவிட்டது. பார்த்தேன், நிறுத்தவில்லை.

அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "ஏட்டி, தொடைக்கச் சொல்லாத! இந்த நேரத்துலயா தொடைக்கச் சொல்லுவ? பாவி, சொல்லாதட்டி!"

கையை உதறிவிட்டு மறுபடி கத்தினேன். அம்மா தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

இரைச்சல். இரைச்சல். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பிறகு அண்ணன் குரல், நடுக்கூடத்தில் நிற்கிற மாதிரி: "செல்வி, இப்பக் கேக்குதா? பாறை வளைவுல நிக்கேன். பேச்சிக்கு வலி வந்துட்டு. இறங்குதோம். ஓடைல தண்ணி ஏறிக்கிட்டிருக்கும். இந்தத் தடவ யாராச்சும் நில்லுங்க. அந்தப் பக்கம் யாராச்சும் நில்லுங்கட்டி."

"நிப்போம்" என்றேன். "நாங்க நிப்போம். எறங்கி வா."

சன்னலில் முதல் முகம் ராஜு மாமா. நானாக அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. "மாமா, உங்க தோப்புல கயிறு இருக்குல்ல? ஆள் இருக்குல்ல? ஓடைக்குப் போகணும், இப்பவே."

"பதரா" என்று என்னையே துரத்திவிட்டு, செருப்பில்லாமல் டாக்சிக்கு ஓடினார். அவர் வீட்டுத் தெலுங்கில் அதற்குக் கிளம்பு என்று அர்த்தம்.

அம்மா வரவில்லை. விளக்கேற்றி அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. வழியில் மாமா கூப்பிட்டு ஏற்றிய தோப்புக் காவல்காரர்கள் இந்தக் கரை மருத மரத்தில் கயிற்றைக் கட்டித் தயாராக நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் ஜெசியும் அவள் அம்மாவும் இன்னொரு காரில். ஜெ. மூச்சு வாங்க, "ஒண்ணுமே பேசாதவ, ஒன் சத்தம் ஸ்ரீவி. வரைக்கும் வந்துச்சுட்டி. செட்டே வேண்டாம்."

ஜீப் வந்து அந்தக் கரையில் நின்றது. வாழை இல்லை. கயிற்றின் மறுமுனை அந்தக் கரைக்குப் போயிற்று. கட்டிக்கொண்டார்கள். நாலு பேர் மதினியைத் தோப்பிலிருந்து கொண்டுவந்த கயிற்றுக் கட்டிலில் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தாண்டினார்கள். தண்ணீர் நெஞ்சு வரை. நடுவில் ஒருவர் கால் இடறியது. அண்ணன் போட்ட சத்தத்தை எழுத முடியாது. தாண்டிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் கார் நுழையும்போதே பிறந்துவிட்டது. ஜெசி அம்மா கையில்தான். பெண். ஒரு புறா அளவு. அழவில்லை. பிறகு அழுதது, பூனைக்குட்டி மாதிரி.

பல்பு வெளிச்சத்துக்குக் கீழே பெட்டியில் வைத்திருக்கிறார்கள். சுற்றியிருக்கிற பஞ்சு எங்கள் கம்பெனியுடையது. பால் குடிக்கத் தெரியவில்லை. டாக்டர் எதுவும் சொல்லமாட்டேன் என்கிறார்.

மதினி கண்ணைத் திறந்தால் பெட்டியைப் பார்க்கிறாள். மூடிக்கொள்கிறாள்.

அம்மா நேற்றுக் காலை பஸ்ஸில் வந்தாள். மதினிக்குக் கஞ்சி. என்னைத் தாண்டித் தாண்டிப் போகிறாள். வராந்தாவில் அண்ணனிடம் சொன்னது காதில் விழுந்தது: "அந்தப் பிள்ளைக்கு எதாச்சும் ஆச்சுன்னா அது தொடச்சதுக்குத்தான்."

நல்லபடியானால்? அதை அவளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

29 அக்டோபர், வெள்ளி

மழை நின்றது. பெட்டியில் மாற்றம் இல்லை. மூச்சு இருக்கிறது. பஞ்சை முக்கி உதட்டில் வைக்கிறார்கள், ஓரத்தில் வழிந்துவிடுகிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். லேபில் பார்க்கிற மாதிரி.

நான் கத்தாமல் இருந்திருந்தால்? இந்தக் கரையில் யாரும் இருந்திருக்கமாட்டார்கள். தெரியும். தெரிந்தும் அம்மா சொன்னதே காதில் கேட்கிறது.

30 அக்டோபர், சனி

வெயில். ஓடை வடிந்து, அண்ணன் ஜீப்பை எடுத்து வந்து ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் நிறுத்தியிருக்கிறான். கம்பி வளைந்து கிடந்தது. கிளை தட்டியிருக்கும் என்று நினைத்தேன்.

மதினி இன்று எழுந்து சாய்ந்து உட்கார்ந்தாள். அண்ணன் அவளிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். "இவ கத்துனது எனக்குச் 'சந்தனம்'னு மட்டுந்தான் கேட்டுச்சு. அம்மா சாமி கும்பிடச் சொல்லுதாகன்னு நானும் கன்னத்துல போட்டுக்கிட்டேன்."

அம்மா கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "அப்பம் நீ தொடைக்கலயாலே?"

"நான் எங்க தொடச்சேன்? அம்மாவுக்குச் சத்தியம் பண்ணிருக்கேன்லா."

"நான்தான்" என்றாள் மதினி. "செல்வி அன்னைக்கே சொல்லிச்சு, அந்த வெள்ள வளையத்துல எதுவும் அப்பக் கூடாதுன்னு. சந்தனம்னதும் புரிஞ்சுட்டு. கை எட்டுற தூரந்தான. கித்தான ஒதுக்கிட்டு வாழயயும் மஞ்சத் துணியயும் பிச்சு எறிஞ்சேன். முந்தானயால நல்லாத் தொடச்சேன். அப்பம் ஒரு வலி வந்துச்சு, கம்பியத்தான் புடிச்சுக்கிட்டேன். வளஞ்சுட்டு." பிறகு அம்மாவைப் பார்த்து, "அத்தை, போன தடவ புடிச்சுக்கிட ஒண்ணுமே இல்ல" என்றாள்.

அம்மா கஞ்சித் தம்ளரை அவள் கையில் கொடுத்தாள். வெளியே போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஜெசி அம்மா வந்து எட்டிப் பார்த்தார்கள். சின்னது ரெண்டு சொட்டு முழுங்கிவிட்டதாம். வழியவில்லையாம். "ரெண்டே சொட்டுதான், ரொம்பக் குதிக்காதீங்க" என்றார்கள்.

அம்மாவிடம் சொல்ல ஓடினேன். வேப்பமரத்தடியில் ஜீப்பின் பின் மூலையில் குனிந்து நின்றாள். கம்பிக்கு அடியில் இடுக்கில் இன்னும் கொஞ்சம் மஞ்சளாக ஒட்டியிருந்தது. முந்தானை நுனியை எச்சில் தொட்டுத் திருகி, உள்ளே விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"போதுமா பாரு" என்றாள்.